நாற்பது வளைவுக்கு அறுபது மீட்டர்

சைக்கிள் ஓட்டுபவர்களின் ஆப்பில் புகார் கேட்பது என் வேலை. தூரம் தப்பினால் மன்னிப்பார்கள், ஏறிய உயரம் குறைந்தால் மன்னிக்க மாட்டார்கள். கோவை ஆபீசில் போனில் பேசக் கூச்சப்பட்டு எல்லாருக்கும் டைப் செய்தே பதில் சொல்லிவந்தவள் நான். புகார் மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது புரியும்.

பெஞ்சில் ஏறிய மேடு

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் ஒருவர் காலையில் சைக்கிளில் போய், டீக்கடையில் நின்றிருக்கிறார். அந்த நேரம் மழை மேகம் கூடிக் காற்றழுத்தம் குறைந்துவிட்டது. போன் உயரத்தை அளப்பது காற்றழுத்தத்தை வைத்துத்தான். மேலே போகப் போக அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததும் ஆப் அவரை மேட்டில் ஏற்றிவிட்டது. இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். வந்த பதில்:

"ஏனுங்க அம்மணி, பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சதுக்கு இருவது மீட்டர் ஏறிப்போட்டேன்னு காட்டுதுங்க. இன்னொரு டீ குடிச்சா நாப்பது ஆகுங்களா?"

எஸ்தரின் டேப்

எஸ்தரின் புகார் சிரிக்கும்படி இல்லை. பொள்ளாச்சியில் நர்ஸ், அப்பாவும் அம்மாவும் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆப் காட்டிய ஏற்றம் வெறும் அறுபது மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறியவர்களின் பட்டியலிலிருந்து சைக்கிள் கிளப் அவர் பெயரை எடுத்துவிட்டது. பொய் சொல்கிறார் என்று பேச்சும் கிளம்பிவிட்டது.

போனின் படத்தை அனுப்பச் சொன்னேன். மழைக்குப் பயந்து அதன் சின்னச் சின்னத் துளைகள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டியிருந்தார். காற்று உள்ளே போனால்தானே ஆப்புக்கு மலை தெரியும்! எங்கள் பதில் படிவத்தில் 'உறுதி செய்ய இயலவில்லை' என்று ஒரு வரி தயாராக இருக்கும். அதை அனுப்பும் முன் அவரே எழுதினார்:

"மெதுவாப் போனேன்னு எழுதுங்க மேடம். ஏறலைன்னு மட்டும் எழுதிராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ்

அந்த வரியை அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வால்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவின் எண் பலகை வரும்போதும் என் போன் காட்டிய உயரத்தையும் நேரத்தையும் நோட்டில் குறித்தேன். பதினைந்தாவது வளைவில் தலை சுற்றியது, இருபத்து மூன்றில் வாந்தி வந்தது. குறிப்பது மட்டும் நிற்கவில்லை. கண்டக்டர் குனிந்து நோட்டைப் பார்த்தார்:

"என்னுங்க அம்மணி, வளைவுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?"

முதல் போன்

திங்கட்கிழமை கிளப் செயலாளரை நானே போனில் அழைத்தேன். நோட்டை முன்னால் விரித்து வைத்துக்கொண்டேன். எஸ்தர் போன பாதையின் புள்ளிகள் ஆப்பில் சரியாகவே இருந்தன. வளைவுகளுக்கு நான் குறித்த உயரத்தை அவற்றில் போட்டதும் ஏற்றம் ஆயிரத்தைத் தாண்டியது. செயலாளர் விடவில்லை. "போன் ஏறியிருக்குதுங்க, செரி. அவுங்க ஏறுனாங்களா? போனை பஸ்ஸுல குடுத்து உட்டிருந்தா?" என்றார்.

இதற்கும் நோட்டில் பதில் இருந்தது. பஸ் ஒன்றரை மணி நேரத்தில் கடந்த வளைவுகளை எஸ்தர் கடக்க, ஆப்பில் பதிவான நேரப்படி, ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்பதாவது வளைவில் மட்டும் பத்தொன்பது நிமிடம் நின்றிருக்கிறார். வளைவு வளைவாகப் படித்துக் காட்டினேன். குரல் நடுங்கவில்லை. அன்று மாலையே எஸ்தரின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. போனை வைக்கும் முன் செயலாளர் சொன்னது:

"ஒத்துக்கறனுங்க. இத்தன மெதுவாப் போற பஸ்ஸு இருந்தா அதுல நானே ஏற மாட்டனுங்க."

நான் தினமும் ஏறுவது ஆபீசின் மூன்று மாடிதான், அதையும் எங்கள் ஆப் இரண்டரை என்றே காட்டுகிறது, ஆனாலும் அந்த நாற்பது வளைவுகளும் எனக்கும் சொந்தம்.