திலகா தப்பாகச் சொல்லும் கதை

“அப்புறம் மூக்குப்பொடிய இழுத்தாரா, ஆளு மாயமா மறஞ்சிட்டாரு. நேரா மாமனார் வூட்டு அடுப்படில பூந்து முறுக்கெல்லாம் காலி பண்ணிட்டாரு லா” என்று கட்டில்களுக்கிடையே நடந்தபடி திலகா கதை விடுகிறாள்.

“முறுக்கா? அதிரசம் மிஸ்ஸி, அதிரசம்!” என்று மூன்றாம் கட்டிலிலிருந்து வேலம்மா சீறுகிறாள். திலகா அசடு வழியச் சிரிக்கிறாள். அதிரசம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கோலசிலாங்கூரில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது அந்த ரத்தச் சுத்திகரிப்பு மையம். ஆறு கட்டில், ஆறு மிஷின், சுவரில் ஒரு டிவி. வாரம் மூன்று நாள் அதே ஆறு பேர் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் போடச் சொல்லிக் கேட்பது ஒரே கறுப்பு வெள்ளைப் படம். சாமியார் கொடுத்த பொடியை இழுத்தால் மறைந்துபோகிற, தும்மினால் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிற ஒரு சோம்பேறியின் கதை. வசனம் மொத்தமும் ஆறு பேருக்கும் தண்ணீர் பட்ட பாடு.

திலகா அங்கே நர்ஸ், நோயாளிகளுக்கு ‘மிஸ்ஸி’. வயது நாற்பத்திரண்டு. குள்ளம், வேகநடை, ஓயாத வாய். நோயாளிகளுக்குத் தண்ணீர் அளந்துதான் என்பதால், தாகமெடுத்தால் படிக்கட்டுக்குப் போய் ஒளிந்து குடித்துவிட்டு வருவாள். கதையைத் தப்பாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும் ஆள் பல சமயம் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அமைதியாகிவிடுவார். மிஷின் அரை மணிக்கொருமுறைதான் அளக்கும். திலகா ஐந்து நிமிடத்துக்கொரு பொய் சொல்வாள். திருத்தாதவர் யாரோ, அவர் கட்டிலுக்கு ஓடுவாள்.

திருத்துவதில் மன்னர் சிவானந்தம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, அடுத்தவர் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டவர். சும்மா விடுவாரா? “பிள்ளை, எத்தினை தரம் பாத்த படம்! உனக்கு மூளை இருக்கோ?” என்பார். அந்தத் திட்டு திலகாவின் வயிற்றில் பால் வார்க்கும்.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. டிவி அணைந்தது. ஐந்து மிஷின்கள் பேட்டரியில் ஓடின. சிவானந்தத்தின் மிஷின் மட்டும் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. குழாயில் அவருடைய ரத்தம் அசையாமல் நின்றது. உறைந்துவிட்டால் உடம்புக்குத் திரும்பாது. அவருக்கோ ஏற்கெனவே ரத்தம் போதாது.

இன்னொரு நர்ஸ் லோகேஸ்வரி ஜெனரேட்டரை முடுக்கக் கீழே ஓடினாள். திலகா ரத்தத்தை ஓட்டும் பம்பைத் திறந்து, கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

“பொண்ணு பாக்கப் போன எடத்துல தும்முறாரு ஐயா. ரெண்டு தும்மல்” என்றாள். படத்தில் மூன்று.

சிவானந்தம் பேசவில்லை. கண் பாதி மூடியிருந்தது.

திலகா காலால் மிதியை அழுத்திக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள். இடக்கையால் உப்புநீர்ப் பையைத் திறந்துவிட்டாள். வலக்கை நிற்கவில்லை.

“ரெண்டுதான் ஐயா!”

வேலம்மா வாயெடுத்தாள். “நீங்க பேசாதீங்கக்கா! ஐயாதான் சொல்லணும்!” என்று திலகா கத்தினாள். இருபது சுற்று. முப்பது. அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது.

“தும்மவே இல்ல ஐயா. இருமினாரு! ரெண்டே ரெண்டு இருமல்!”

உதடு அசைந்தது. “விசரி...” என்று திட்டினார் சிவானந்தம். நீண்ட மூச்சு விட்டார். “தும்மல். மூண்டு.”

வேலம்மா அழுதேவிட்டாள். திலகாவுக்கும் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை.

விளக்குகள் எரிந்தன. லோகேஸ்வரி மூச்சிரைக்க வந்து, “வுடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று கைப்பிடியை வாங்கி, மிஷினை ஓடவிட்டாள். டிவி படத்தை முதலிலிருந்து தொடங்கியது. யாரும் குறைபடவில்லை. திலகா ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சிவானந்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். மடியில் அவளுடைய வலக்கை, வெறுங்கையாக, அதே நிதானத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.