பார்க்காமல் பகிர்ந்த படம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை ஆலங்குடாவில் வீட்டோடு இருந்த மாதங்களில் இது நடந்தது. இப்போது சில வருடங்களாகிவிட்டன. அதற்குக் கொஞ்சம் முன்புதான் நானும் என் பள்ளித் தோழிகள் மூன்று பேரும் புத்தளத்தில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தோம். கைபேசியில் வரும் செய்தி உண்மையா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது, ஒரு படம் முதலில் எங்கே வெளிவந்தது என்று எப்படித் தேடுவது என்றெல்லாம் இரண்டு நாள் சொல்லித் தந்தார்கள். திரும்பி வந்ததும் ஊருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழுமம் தொடங்கினோம். சந்தேகமான செய்தி வந்தால் ஆட்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் தேடிப் பார்த்துப் பதில் போடுவோம்.

முதலில் யாரும் எங்களைப் பெரிதாக எடுக்கவில்லை. அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருப்பதாக வந்த வீடியோவையும், கடல் பொங்கப் போவதாக வந்த குரல் பதிவையும் பொய் என்று காட்டிய பிறகு நிலைமை மாறியது. என் வாப்பாவிடம் மீன் எடுக்க வருகிறவர்கள்கூட அவரிடம், "மகள்ட குழுமத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பகல், மாம்புரியில் இருக்கும் என் மூத்த சகோதரி ராத்தா ஒரு படம் அனுப்பினார். வெள்ளை வான் ஒன்றின் பக்கத்தில் தாடி வைத்த ஒரு ஆள் நிற்கிறான். பிள்ளை பிடிக்கிறவன், இந்தப் பக்கம்தான் சுற்றுகிறான் என்று கீழே எழுதியிருந்தது. கூடவே ராத்தாவின் குரல் பதிவும் வந்தது. முதலாம் வகுப்பில் படிக்கும் மகன் பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை என்று அழுதார்.

அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் தேடவில்லை. "உண்மையா தெரியாது, ஆனாலும் கவனமாக இருங்கள்" என்று ஒரு வரி சேர்த்துக் குழுமத்தில் போட்டேன். அந்த வரியோடு என் பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ராத்தாவின் மகன் வந்து சேர்ந்துவிட்டான். கூட்டாளிகளோடு விளையாடிக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிறகு என்னோடு குழுமத்தை நடத்தும் தோழிகளில் ஒருத்தி அழைத்தாள்.

"நீ போட்ட படத்தத் தேடிப் பாத்தியா?"

"இல்ல."

"அது வேற நாட்டுப் படம். வானுட நம்பர் பிளேட்டப் பாரு. இங்க நுரைச்சோலைப் பக்கம் ரோட்டுல ஒரு ஆளப் புடிச்சி அடிக்கிறாங்களாம். உன்ட பேரச் சொல்லித்தான் கதைக்கிறாங்க."

படத்தை உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் அது எத்தனையோ குழுமங்களுக்குப் போயிருந்தது. தோழி ஸ்கூட்டியில் வந்து என்னை ஏற்றிக்கொள்ள, இரண்டு பேரும் போனோம்.

ஒரு கடை வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள், நல்ல மனிதர்கள். நடுவில் ஒருவர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து இரத்தம் வந்திருந்தது. அவருக்கும் தாடி இருந்தது, அவருடையதும் வெள்ளை வான்தான். படத்தில் இருந்தவருக்கும் அவருக்கும் வேறு ஒற்றுமை இல்லை. சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தோட்டம் ஒன்றுக்குத் தண்ணீர் மோட்டார் திருத்த வந்தவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம் வழி கேட்டிருக்கிறார்.

தோழி தன் கைபேசியைக் காட்டி, இது பழைய படம், வேறு நாட்டுப் படம் என்று விளக்கினாள். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார்.

"படம் பிழையா இருக்கலாம். இவரும் அந்தக் கூட்டத்து ஆள் இல்லண்டு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே மகள் போட்டீங்க? நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

"ஓம், நான்தான் போட்டன்" என்றேன். "பாக்காமப் போட்டன். ராத்தா அழுதாண்டு போட்டன். பிழை என்னுடையது. இந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது."

அடிபட்டவரிடமிருந்து அவர்கள் பறித்திருந்த கைபேசியைக் கேட்டு வாங்கினேன். யாருடைய தோட்டத்துக்கு வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டு, அதில் இருந்த தோட்டத்துச் சொந்தக்காரரின் இலக்கத்துக்கு எல்லோரும் கேட்கும்படி அழைத்தேன். தோட்டக்காரர் எடுத்த உடனேயே, "எங்க நிக்கிறீங்க? காலையிலிருந்து பாத்துக்கொண்டிருக்கன்" என்றார். அது அங்கே நின்றவர்கள் பலருக்குத் தெரிந்த குரல். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முகத்தைப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டார்.

நானும் கேட்டேன். அவர் வானில் ஏறி உட்கார்ந்த பிறகு, தங்கை என்று சிங்களத்தில் என்னை அழைத்து, பாதித் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"நங்கி, அவங்க என்னைப் போட்டோ எடுத்தாங்க. எனக்கும் பள்ளிக்கூடம் போற மகள் ஒண்டு இருக்கு. அந்தப் போட்டோவ எப்படியாவது இல்லாமப் பண்ணுங்க."

அவரை எடுத்த அந்தப் படத்தின் பின்னால் நாங்கள் நான்கு பேரும் பல நாட்கள் அலைந்தோம். போட்டவர்களைத் தேடிப்பிடித்து அழிக்கச் சொன்னோம். தமிழிலும் சிங்களத்திலும் மறுப்பு எழுதி, முதல் வரியிலேயே நான் செய்த பிழையைப் போட்டோம். சிலர் அழித்தார்கள். சிலர் பிள்ளை பிடிக்கிறவன் என்ற கதையை மட்டும் வைத்துக்கொண்டு மறுப்பைத் திறந்தும் பார்க்கவில்லை. முழுவதையும் எங்களால் இல்லாமல் செய்ய முடியவில்லை. அதையும் அவருக்கு அழைத்துச் சொன்னேன். "சரி நங்கி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் இந்தப் பக்கம் அவர் வேலைக்கு வரவில்லை என்று தோட்டக்காரர் சொன்னார்.

குழுமம் இன்றும் நடக்கிறது. இப்போது எதையும் இரண்டு பேர் பார்க்காமல் நாங்கள் போடுவதில்லை. பொய்யை யாரோ தெரியாத ஒருவன்தான் பரப்புகிறான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த மனிதர் அடி வாங்கியது, ஊர் என்னை நம்பியதால்தான்.