அண்ணையிடம் கேட்கக் கூடாத கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற மல்வேர்னில், எங்கள் வீட்டு ஹோலில் வைத்து, என் மனைவி கௌரி ஒரு பெரிய மனிதரைப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணை, கிழமைக்கு எத்தினை கிளாஸ் குடிக்கிறனீங்கள்?"

பெரிய மனிதர் என்றால் சும்மா ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிற கந்தசாமி அண்ணை! பக்கத்தில் அவருடைய மனைவி மகேஸ் அக்கா. எதிரே நான். பிள்ளையாரே, என்னை இப்படியே பேஸ்மென்டுக்குள் இறக்கிவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

கௌரியைப் பேய் ஒன்றும் பிடிக்கவில்லை. படிப்புத்தான் பிடித்திருக்கிறது.

இத்தனை காலம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், நாற்பத்தைந்து வயதில் யூனிவர்சிட்டிக்குத் திரும்பிப் போய் மாஸ்டர்ஸ் செய்கிறாள். முடித்தால் ஃபமிலி நர்ஸ் பிராக்டிஷனர். அதாவது, குடும்ப டொக்டரைப் போல என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கலாம், மருந்தும் எழுதலாம். ஊரில் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையோடு படிப்பை நிறுத்திவிட்ட எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. வீட்டில் என் பொறுப்பு சோறு போடுவதும், அவள் பாடமாக்கும்போது இருமாமல் இருப்பதும். இருமினால் ஸ்டெதஸ்கோப்போடு வந்துவிடுவாள்!

புத்தகப் பரீட்சை எல்லாம் பாஸ். சிக்கல் வந்தது கிளினிக்கில். அங்கே அவளுடைய பயிற்சியைப் பார்க்கும் வெள்ளைக்கார அம்மா ஒரு நாள் பிடித்துவிட்டார். 'எல்லோரிடமும் எல்லாம் கேட்கிறாய். குடி, புகை, படுக்கையறை, மனக்கவலை... வயதான தமிழர் வந்து இருந்தால் மட்டும் பிரஷரைப் பார்த்துவிட்டு அனுப்புகிறாய். ஏன்?'

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? உவையளைக் கோயிலில கண்டால் தலையைக் குனியிறனான் எண்டோ?" என்றாள் கௌரி. "வியாழக்கிழமை கடைசி மதிப்பீடு. அப்பவும் கேக்காமல் விட்டால் பாஸ் இல்லையாம். பயிற்சி முழுக்கத் திரும்பச் செய்யோணும்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். அண்ணை, அங்கிள் என்று கூப்பிட்ட வாயால், அடுத்த மூச்சில் 'குடிக்கிறனீங்களோ' என்று கேட்க வருமா?

"என்னில பழகிப் பாருமன்" என்றேன்.

"உங்களை விசாரிக்கிறது எனக்குப் புதுசோ? எனக்கு ஒரு அண்ணை வேணும்."

அப்படித்தான் கந்தசாமி அண்ணை வந்தார். "பிள்ளையின்ர படிப்புக்கெண்டால் வராமல் விடுவனே? ஊசி மட்டும் வேண்டாம்."

முதலில் கௌரி சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். "அண்ணை... சாப்பாட்டோட... வேற ஏதும் குடிக்கிறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மோர்."

பிறகுதான் ஒரு மூச்சை இழுத்துவிட்டு, நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதில் வந்தது... மகேஸ் அக்காவிடமிருந்து!

"சீச்சீ, இவர் தொடவே மாட்டார்."

"நித்திரை எப்பிடி, அண்ணை?"

"படுத்தால் ஒரே குறட்டைதான்" என்றார் அக்கா.

"மனம் எப்பிடி இருக்கு?"

"அவருக்கென்ன குறை? நான் எல்லாம் பாக்கிறன்தானே."

அண்ணைக்கு வாய் திறக்க இடம் கிடைத்தால்தானே?

கௌரி பேனையை மூடி வைத்தாள். "அக்கா, நீங்கள் ஒருக்காக் குசினியில இருங்கோ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும்தான்."

"நானோ? இது என்ர வீடெல்லோ!"

"இப்ப கிளினிக். எழும்புங்கோ."

குசினியில் நான் தேத்தண்ணி போட்டேன். அது ஆறியும் போனது. ஹோலில் இருந்து அண்ணையின் குரல் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"வீட்டில நாலு சொல்லுக் கதையாத மனுசன்..." என்று அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, அப்பிடி என்ன கதைக்கிறார்?"

அண்ணை எங்களைக் கூப்பிட்டபோது அவர் கண் சிவந்திருந்தது. "மகேஸ், நாளைக்கு எங்கட டொக்டரட்டைப் போவம். நீரும் வாரும்." அக்கா அண்ணையின் ஜக்கெட்டை எடுத்து, தானே அவருக்குப் போட்டுவிட்டார்.

அவர்கள் போனதும் பாய்ந்து கேட்டேன். "என்ன சொன்னவர்?"

"சொல்லமாட்டன்."

"புருசனுக்குமோ?"

"வெள்ளிக்கிழமையில அவருக்குப் பக்கத்தில நிண்டு கும்பிடுற புருசனுக்கு முக்கியமாய்ச் சொல்லக் கூடாது!"

கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் சாமி முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டுகிறோமே, ஏன்? பிள்ளையார் நடுவில் பேசமாட்டார். வெளியே வந்து ஒருவருக்கும் சொல்லவும் மாட்டார். எங்கள் ஆட்களிடம் கதை இல்லாமல் இல்லை... கதவைச் சாத்திவிட்டுக் கேட்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை ஒரு தமிழ் அங்கிள் மகளோடு வந்திருக்கிறார். வெள்ளைக்கார அம்மா மூலையில் இருந்து பார்க்க, கௌரி "வணக்கம் அங்கிள்" என்று கைகூப்பி, மகளைச் சிரித்தபடியே வெளியே அனுப்பி, ஒன்றும் விடாமல் கேட்டிருக்கிறாள்.

பாஸ்!

நேற்று அவள் பெயரில் அர்ச்சனை செய்யப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் மட்டும் கேட்டார். குடி, புகை என்று கேட்காமல் அதோடு விட்டாரே என்று இன்னொரு தரம் விழுந்து கும்பிட்டேன்.