ஆடி வெயிலில் பிரெஞ்சு

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் சாலையில், ஒரு பழக்கடை நிழலில் நின்று பிரெஞ்சு முணுமுணுக்கிறேன். மாலையில் தென்காசியில் ரயில் ஏற வேண்டும். நாளை சென்னையில் வாய்மொழித் தேர்வு. தோற்றால் கனடாவில் கிடைத்திருக்கும் நர்ஸ் வேலை போய்விடும். எந்தப் பருவத்தில் வானிலை எப்படி என்று மனப்பாடம் செய்கிறேன்.

ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று குளிக்க வந்தவள் நான். ஆடி பிறந்தும் சாரல் இல்லை. அருவி பாறையில் நூலாக வழிகிறது.

"என்னம்மா, மந்திரமா சொல்லுதிய?" என்கிறார் கடைக்கார அக்கா. கறுத்துப்போன ரம்புட்டான்களைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

"பிரெஞ்சுக்கா. வெயில் அடிச்சா 'இல் ஃபே போ', நல்லாருக்குன்னு அர்த்தம். மழை பெஞ்சா 'இல் ஃபே மொவே', மோசமா இருக்குன்னு."

அவர் கை நிற்கிறது.

"மழை பெஞ்சா மோசமா? எந்த ஊருல அப்படிச் சொல்லுதாவ? அங்கன மலையப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இருக்கா? சாரல் விழாட்டா ஆளு வராது. இந்தப் பழத்த யாரு வாங்குவா?"

பதில் சொல்வதற்குள் போன் அடிக்கிறது. கடைசிப் பயிற்சிக்காக என் ஆசிரியை அழைக்கிறார். எடுத்ததும் பிரெஞ்சில் கேள்வி: "நீ இருக்கும் இடத்தில் இப்போது வானிலை எப்படி?"

தெரிந்த பதில்தான். சொல்லப்போனவள் திரும்பிப் பார்க்கிறேன். அக்கா மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இல் ஃபே மொவே" என்கிறேன்.

"அடடா, மழையா?"

"இல்லை மேடம். மழை இல்லை. அதனால்தான்."