வெற்றுச்சீட்டு விழுந்த பாத்திகள்

எனக்குப் பெண் தருவதாக இருந்த மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். விவசாயக் கல்லூரியில் நான் படித்துக்கொண்டிருந்த மேல்பட்டத்தை முடித்துவிட்டு வர வேண்டும், மறுமாதமே கல்யாணம். பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சி தேவை. ஆகவே அறுபதுகளின் தொடக்கத்தில், கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒருவருடைய மானாவாரிக் கடலைக்கொல்லையை இரவல் கேட்டுப் போய் நின்றேன். சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டால் கடலை எவ்வளவு கூடுதலாகக் காய்க்கும் என்று கண்டுபிடிப்பதாக உத்தேசம். கடலையைவிடக் கல்யாணம்தான் எனக்கு முக்கியம் என்பதை ஆராய்ச்சித் திட்டத்தில் எழுதவில்லை.

நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து முளைக்குச்சி அடித்தேன். பாதிக்கு உரம் போட வேண்டும். மீதியை எதுவும் போடாமல் விட வேண்டும். இப்படிச் சும்மா விடும் பாத்திகளுக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அவை இளைத்துக் கிடந்தால்தான் உரத்தின் பெருமை தெரியும். எந்தப் பாத்திக்கு எது என்பதை நாமாகத் தீர்மானிக்கக் கூடாது, மனிதன் கைக்கு ஓரவஞ்சனை உண்டு, குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் மண்டையில் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதை நிலக்காரரிடம் விளக்கினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்படிச் சொல்லுங்க தம்பி. எங்க ஊர்லயும் எதப் பங்கு வச்சாலும் சீட்டுத்தான். கம்மா மீனக்கூட அய்யனாரு முன்னால சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம். வாங்க, கோயிலுக்குப் போவோம்."

குலுக்கல் எங்கே நடந்தால் என்ன என்று நானும் கிளம்பினேன். பாதிச் சீட்டுகளில் 'உரம்' என்று எழுதினேன். மீதியை வெறுமனே சுருட்டிச் சொம்பில் போட்டேன். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு பாத்திக்கு ஒரு சீட்டாக எடுத்தார். வெற்றுச்சீட்டு வந்தபோதெல்லாம் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. 'உரம்' வந்தபோது ஒரு சலனமும் இல்லை. விஞ்ஞானத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மழை வரும்வரை கல்லூரியில் இருந்துவிட்டு, உழவு முடிந்த பிறகு திரும்பி வந்து உரம் போட்டு விதைத்தேன். களையெடுக்க வந்த பெண்கள் கன்ட்ரோல் பாத்திகளுக்குள் இறங்குமுன் காலைக் கழுவிக்கொண்டார்கள். சுத்தமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாளாக ஆக அந்தப் பாத்திகளில் செடி கரும்பச்சையாகப் படர்ந்தது. நான் உரம் போட்டவையோ, அழைக்காத விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒடுங்கி நின்றன. மண்வாகு அப்படி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அறுவடைக்கு முன் பேராசிரியர் பார்வையிட வந்தார். செழித்த பாத்தி ஒன்றில் நேராக இறங்கி, "உரம் நல்லா வேலை செஞ்சிருக்கே" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நிலக்காரர் முந்திக்கொண்டார்.

"ஐயா, செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க. அது சாமி பங்கு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊர் வழக்கத்தில் எதைப் பங்கு வைத்தாலும் வெற்றுச்சீட்டு விழுந்தது அய்யனாருக்குச் சேரும். நான் கல்லூரிக்குப் போயிருந்த நாட்களில் ஊரே சேர்ந்து அந்தப் பாத்திகளில் புழுக்கை உரமாகட்டும் என்று ராத்திரியில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு எருவும் சாம்பலும் கூடை கூடையாக வந்து இறங்கியிருக்கின்றன.

"பாதிக் கொல்லைய சாமி எடுத்துக்கிட்டாரேன்னு எங்க வீட்லகூட மொகத்தத் தூக்கி வச்சிருந்துச்சு" என்றார் நிலக்காரர். "சாமி கேட்டா மாட்டேங்க முடியுங்களா? ஆனா ஒங்க ஒரத்துல ஒரு பிடி தொடலைங்க."

பேராசிரியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினார். அடுத்த வருஷம் முதலிலிருந்து செய் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமா இன்னொரு வருஷம் பொறுக்க மாட்டார். பொன்னமராவதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவன் ஏற்கெனவே பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அண்ணே, அந்தப் பாத்தி நல்லா வரக் கூடாதுண்ணே. வாடி வதங்கிக் கெடந்தாத்தான் எனக்குப் பட்டம். பட்டம் வந்தாத்தான் பொண்ணு" என்று கத்தினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. எங்கொல்லையத் தந்திருக்கவே மாட்டேன். எங்க பங்காளிக்கு அங்கிட்டு ஒரு கொல்லை கெடக்கு. அவரு எத வெதச்சாலும் அதுல வராது. சாமிகூட அந்தப் பக்கம் பங்கு கேக்காது."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பங்காளி இப்போது வீட்டில் இருப்பாரா என்று கேட்டேன்.