தள்ளாடாதவர்களின் ரத்தம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லப் போய் பாதியில் மறந்தும் போகும். தம்பியின் ஆராய்ச்சியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஆராய்ந்தது எங்கள் வீட்டு வியாதி. அந்த வகையில் கொஞ்சம் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் சிலருக்கு நடுவயதில், சிலருக்கு இன்னும் தள்ளி, நடை தள்ளாடும். பிறகு பேச்சு குழறும், கையில் டம்ளர் நிற்காது. அப்பா அப்படித்தான் படுத்தார். ஆனால் வீட்டில் யாரும் அதை வியாதி என்று சொன்னதில்லை. தாத்தா கல் தடுக்கி விழுந்தார். அத்தை கல் தடுக்கி விழுந்தாள். அப்பாவும் அப்படியே. மூன்று தலைமுறையாக அந்தக் கல்லை யாரும் எடுத்துப் போடவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

தம்பி படித்து விஞ்ஞானி ஆனான். முதலில் வெளிநாட்டுக்குப் போய் எலிகளைத் தள்ளாட வைத்து, அவை ஏன் தள்ளாடுகின்றன என்று பல வருடம் பார்த்தான். அப்பா இறந்த பதினாறாம் நாள் சடங்குக்கு வர அவனுக்குத் தோதுப்படவில்லை. அப்பாவுக்கு வந்த வியாதியைப் பற்றி அன்றைக்கு ஒரு பெரிய கூட்டத்தில் பேச வேண்டியிருந்ததாம். எல்லோரும் கைதட்டினார்களாம். போனில் சொன்னான்.

பிறகு ஐதராபாத்தில் வேலைக்கு வந்தான். நம் உடம்புக்குள் எழுத்து எழுத்தாக ஒரு புத்தகம் இருக்கிறதாம். அதில் ஓரிடத்தில் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருமாம். அளவுக்கு மீறி வந்தால் நடையைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி வாடிவிடுமாம். எங்கள் குடும்பத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"அக்கா, அடுத்த வருசம் நான் ரிட்டயராவேன். தள்ளாடுத ஆளுக்க ரத்தம் கிட்டல்லன்னா இந்த வேலை இதோட நிக்கும்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னான். எங்கள் பெரியப்பா மகன்தான் குடும்பத்துக்கு மூத்தவர், வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அந்த அண்ணன் முந்தின நாளே வந்துவிட்டார்.

"மக்கா, அவன் கொண்டுபோறது பெரிய லேபுக்காக்கும். நம்ம குடும்பத்துக்க ரத்தம் நல்லா இருக்கண்டாமா? நல்ல ஆளுகள மட்டும் நிறுத்துவோம்."

அப்படியே நடந்தது. பட்டுக்கரை வேட்டியும் சந்தனமுமாகப் பத்துப் பேர் வந்தார்கள். தள்ளாடுகிற தன் சொந்தத் தம்பியை அண்ணன் காலையிலேயே ஆட்டோவில் ஏற்றி காட்டாக்கடைக்குக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். யார் கல்யாணம் என்று யாருக்கும் தெரியாது.

தம்பி ஒரு பெரிய தாளை விரித்துப் படம் போட்டான். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். வியாதி இருந்தால் கறுப்பு.

அண்ணன் மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள். "தம்பி, எனக்க மோளுக்கு நெய்யாற்றின்கரையில கல்யாண ஆலோசனை நடக்குது. அவளுக்க வட்டத்த வெள்ளையா விட்டிரு."

"மதினி, முதல்ல எல்லா வட்டமும் வெள்ளைதான்."

"கடைசியிலயும் அப்படித்தான் இருக்கணும்."

அவர்களுடைய மூத்த மருமகன், ஒற்றசேகரமங்கலத்துக்காரர், முதல் ஆளாகச் சட்டைக்கையை மடக்கினார்.

"நீங்க பொண்ணு கெட்டி வந்தவரு. உங்க ரத்தம் இதுக்கு ஆகாது" என்றான் தம்பி.

"அதெப்படி ஆகாது? ஓ பாசிட்டிவ் ஆக்கும். நாலு தடவ கேம்புல குடுத்திருக்கேன். சர்டிபிகேட் உண்டு."

பாறசாலையிலிருந்து வந்த நர்ஸ் பெண் எல்லோரிடமும் எடுத்து முடித்தாள். தம்பி குப்பிகளைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது. "தள்ளாடுத ஆளு ஒருத்தரு கூட இல்லியா அண்ணா?"

"எலே, அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ரோடெல்லாம் தார் போட்டாச்சு. கல்லு எங்க கெடக்கு?"

நான் அடுக்களை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேசும் பழக்கமும் எனக்கு இல்லை. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"மக்கா, எனக்க ரத்தத்த எடு."

பிடியை விட்டு நாற்காலி வரைக்கும் நடந்தேன். ஆறேழு அடிதான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"கல்லு தடுக்கியிருக்கும்" என்றார் அண்ணன். டைல்ஸ் தரையில் அவருக்கு உடனே ஒரு கல் கிடைத்தது.

நர்ஸ் பெண் என் கையில் ரப்பரைக் கட்டும்போது தம்பியிடம் கேட்டேன். "உனக்க ரத்தத்த எடுத்துப் பாத்தாச்சா?"

அவன் தாளைப் பார்த்தான். "எனக்கு வேண்டாம் அக்கா. தெரிஞ்சுக்க மனசில்லாதவங்களுக்குத் தெரியாம இருக்க உரிமை உண்டு. அது எங்க விதி."

"அந்த உரிமையத்தான் மக்கா இவங்களும் பட்டுவேட்டியில சுத்திட்டு வந்திருக்காங்க."

தம்பி கறுப்புப் பேனாவை எடுத்து என் வட்டத்தை நிரப்பினான். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு போகவில்லை. சின்ன வயதிலும் அவனுக்கு எழுத்து சுத்தம். பக்கத்தில் இருந்த தன் சதுரத்தை அவன் தொடவில்லை.

என் ரத்தத்தை நல்ல ஆட்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது என்று பிறகு போன் வந்தது. பேசும்போது அவன் நாக்கு கொஞ்சம் இடறியது. சந்தோஷத்திலா என்று நான் கேட்கவில்லை.

அது அச்சிலும் வந்தது. குடும்பத்தார் முழுமனதோடு ஒத்துழைத்தார்கள் என்று அதில் போட்டிருப்பதாக அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறார். அந்தப் படமும் அதில் உண்டு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பொடிப் படம் கண்ணுக்கும் பிடிபடவில்லை. மூன்றெழுத்துக் கதையை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். அப்படியே என் கறுத்த வட்டத்துக்குப் பக்கத்துச் சதுரம் இப்போது எப்படி இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்ல வேண்டும். தம்பியிடம் கேட்க வேண்டாம்.