ஏழு வருட விருந்தாளிகள்

காலை ஒன்பது இருபது. வெள்ளவத்தையில் கிராம சேவகரின் அலுவலகச் சுவர்க்கடிகாரத்தை நான் நிமிர்ந்து பார்த்தது, மகளின் நேர்முகத் தேர்வுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறியத்தான். பொரளையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வு. அழைப்புக் கடிதம் முதல்நாள் மாலைதான் கைக்கு வந்திருந்தது. கொழும்பில் நிரந்தரமாக வசிக்கிறோம் என்ற அத்தாட்சிப் பத்திரம் ஒன்றுதான் குறை. அங்கே ஏழு வருடம் இருந்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன். கிராம சேவகர் கோப்பைத் திறந்து ஒரு தாளில் விரலை வைத்தார். "தாவகாலிக," என்றார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆனாலும் அது நம்முடைய தற்காலிகத்தின் உடன்பிறப்பு. காதில் விழுந்ததுமே விளங்கிவிட்டது.

எங்களை அப்படிப் பதிந்தவர் வீட்டுக்கார அண்ணை. கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து மகளோடு வந்த எனக்கு மேல்மாடியை வாடகைக்குத் தந்தவர். சில புள்ளிகளால் மருத்துவபீடம் தவறி மகள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தபோது, உதவி மருத்துவர் பயிற்சி அறிவித்தலைப் பேப்பரில் வெட்டிக்கொண்டு மாடியேறி வந்தவரும் அவர்தான். பழைய ஆட்களைப்போல அந்த வேலையை அப்போதிக்கரி என்றே சொல்வார்.

"அப்போதிக்கரி எண்டால் குறைச்சலோ, பிள்ளை? தோட்டப் பக்கத்துச் சனத்துக்கு டாக்குத்தரே அவைதான். முதல் ஊசி எனக்குத்தான். ஆனா மெல்லப் போடோணும், சொல்லிப்போட்டன்."

தகுதிகளை உரக்க வாசித்தார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் மூன்றும் ஒரே தடவையில் சித்தி, சாதாரண தரத்தில் ஆங்கிலமும் கணிதமும், வயதெல்லை, எழுத்துப் பரீட்சை, நேர்முகம். தெரிவானால் இரண்டு வருடம் வகுப்பு, பிறகு பெரியாஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். வதிவிடம் பற்றிய வரி வந்தபோது மட்டும் குரல் தணிந்தது. "அது கரைச்சல் இல்லை, தங்கச்சி. இஞ்சதானே இருக்கிறியள்." நான் தலையாட்டினேன்.

போர் நடந்த அந்த நாட்களில், கொழும்புத் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பொலிஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிரதி ஒன்று கிராம சேவகரிடம் இருக்கும். வருடா வருடம் அண்ணை அந்தச் சிங்களப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து, "இதில ஒரு சைன்," என்பார். நான் போட்டேன். கிராம சேவகர் வாசித்துக் காட்டிய ஏழு தாள்களிலும், 'விருந்தாளிகள், ஒரு மாதம்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. பொலிஸ் சந்தேகத்தில் எங்களில் ஒருவரைப் பிடித்தால் 'இவர்களை எனக்குத் தெரியாது' என்று சொல்வதற்கு, எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்ட மனிதர் ஏழு வருடமாக வழி வைத்திருந்தார். பயப்படாதவர் யார்? எனக்கும் பயம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கிராம சேவகர் இரக்கமில்லாதவர் அல்ல. "வீட்டுக்கார மஹத்தயா வந்து சைன் பண்ணினா நான் மாத்தித் தாறன், மிஸிஸ். பன்னிரண்டுக்கு முந்தி," என்றார். ஓடிப்போய்க் காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அண்ணையின் இரும்புக்கடைக்கு எடுத்தேன். "வாறன், தங்கச்சி. அங்கயே நில்லுங்கோ," என்றார் அண்ணை. பத்தானது, பதினொன்றானது. "செக்பொயின்ற்றில மறிச்சிருப்பாங்கள், அம்மா. மாமா வருவார்," என்று கூட வந்திருந்த மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பத்திரமில்லாமலேதான் பிறகு பொரளைக்குப் போனோம். அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயதெல்லை தாண்டிவிட்டது. இது நடந்து இரண்டு வருடம். இன்று ஒரு மருந்துக்கடையில் நின்று, மற்றவர்கள் எழுதிய துண்டுகளைப் பார்த்துக் குளிசை கொடுக்கிறாள். தபாலில் எந்தப் படிவம் வந்தாலும், சிங்களம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டாமல் அவளைக் கையெழுத்திட விடுவதில்லை. அவள் சிரிக்கிறாள்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கதவைச் சாத்தும்போது ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. வந்தது அண்ணையின் மனைவி. இறங்கவில்லை.

"அவருக்கு வர ஏலாதாம், தங்கச்சி. இப்ப மாத்தினால், இவ்வளவு காலமும் ஏன் பொய் எழுதினனி எண்டு அவரைப் பிடிப்பாங்களாம்."

அந்த அம்மா என் மகளைப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பொலிஸ் விசாரிச்சால், போன கிழமைதான் வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ, என்ன? பிள்ளையையும் அப்பிடியே சொல்லப் பழக்குங்கோ."